சந்தேகப்பட்டுப் போய், பிறகு விசுவாசத்துக்குத் திரும்பியவர்கள் இருக்கிறீர்களா?

உபதேசியார் பேரன்:

சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம். தாத்தா உபதேசியார், அதாவது சபையில் போதிக்கும் ஊழியர். ஓய்வுநாள் பள்ளி, விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி), கொயர், திடப்படுத்தல் (வளர்ந்த பிறகு விசுவாசத்தைத் தானே அறிக்கையிடும் சடங்கு) எல்லாம் ஒழுங்காக முடித்தவன். இப்போது கோவையில் வேலை.

அப்பா டயாலிசிஸில் இருந்தபோது ஒரு ஜெபக்குழு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. உபவாசம், எண்ணெய் பூசி ஜெபம், எல்லாம் நடந்தது. “கர்த்தர் சுகம் கொடுத்தாச்சு, சாட்சி சொல்ல ரெடியா இருங்க” என்றார்கள். அப்பா இறந்துவிட்டார். அடக்கம் முடிந்த பிறகு அதே ஆட்கள் அம்மாவிடம் வந்து, “இந்த வீட்ல யாருக்கோ விசுவாசக் குறைவு” என்றார்கள். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார்கள்.

அவர்கள் எப்போதும் சொல்லும் வசனம் மாற்கு 16:18. “வியாதியஸ்தர்மேல் கைகளை வைப்பார்கள், அப்பொழுது அவர்கள் சொஸ்தமாவார்கள்.” பிறகு படித்துப் பார்த்தால், மாற்கு 16-இல் 9 முதல் 20 வரையான வசனங்களே நாலாம் நூற்றாண்டுச் சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. 8ஆம் வசனத்தோடு சுவிசேஷம் முடிந்துவிடுகிறது. இதை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. அன்றிலிருந்து எதை நம்புவது என்றே தெரியவில்லை. ஆராதனையில் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன்.

அடுத்த மாதம் மகளுக்கு ஊர்க்கோயிலில் ஞானஸ்நானம். “விசுவாசிக்கிறேன்” என்று தகப்பன் எல்லார் முன்னாலும் பதில் சொல்ல வேண்டும். பொய் சொல்ல மனசு வரவில்லை. திரும்பி வந்தவர்கள் சொல்லுங்கள்: நிஜமாகவே நம்பிக்கை வந்ததா, அல்லது சண்டை போட்டு அலுத்துப்போய் உட்கார்ந்துவிட்டீர்களா?

வடசேரிக்காரன்:

நான் திரும்பவில்லை, அதனால் உங்கள் கேள்விக்கு நான் சரியான ஆள் கிடையாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். அம்மா மனம் நோகுமே என்று மட்டும் போய் நிற்காதீர்கள். நான் கல்யாணத்தில் அப்படி நின்றேன். அதற்குப் பிறகு கோயில் பக்கம் போனாலே எரிச்சல்தான் வந்தது.

ஓய்வு வாத்தியார்:

தம்பி, அப்பாவை இழந்தது வருத்தம். அந்த ஜெபக்குழு சொன்னதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 2 தீமோத்தேயு 4:20 எடுத்துப் பாருங்கள். “துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்” என்று இருக்கும். பவுலுடைய உடன் ஊழியன் அவன். பவுல் அவனுக்காக ஜெபிக்காமலா இருந்திருப்பார்? யாருக்கு விசுவாசக் குறைவு என்று அங்கே ஒரு வார்த்தை கிடையாது. விட்டுவந்தேன், அவ்வளவுதான். இதைச் சுவரில் எழுதித் தொங்கவிடும் ஜெபக்குழுவை நான் இன்னும் பார்க்கவில்லை.

மாற்கு விஷயம் உண்மைதான். அதை மறைப்பதால்தான் இந்த வம்பு. பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல் வகுப்பிலேயே சொல்லிவிடலாம் என்பது என் கட்சி, ஐயர்மார், அதாவது சபைப் போதகர்கள், ஒத்துக்கொள்வதில்லை. ஆனால் உயிர்த்தெழுதல் அந்தப் பன்னிரண்டு வசனங்களை நம்பி நிற்கவில்லை. 1 கொரிந்தியர் 15-இல் பவுல், தான் பெற்றுக்கொண்டதையே ஒப்புவித்ததாகச் சொல்லிவிட்டு, உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்டவர்களைக் கேபா (பேதுரு), பன்னிருவர், ஐந்நூறு பேர், யாக்கோபு என்று வரிசையாகச் சொல்கிறார். அந்தக் கடிதம் கி.பி. 55 வாக்கில் எழுதியது. பெரும்பாலான அறிஞர்கள் கணக்குப்படி மாற்கு அதற்குப் பிந்தியது. நான் பிசிக்ஸ் வாத்தியார், இதை நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். இவ்வளவு சீக்கிரமே இப்படி ஒரு சாட்சி இருந்தது என்பதுதான் இதிலிருந்து தெரிவது. அதை ஏற்பதும் தள்ளுவதும் வேறு விஷயம்.

என் சந்தேகம் உங்களுடையதைப் போல் ஒரு மரணத்தில் தொடங்கியதல்ல. காலேஜில் படிக்கும்போதே மெள்ள மெள்ள எல்லாம் கழன்றுபோனது. ஆனாலும் கோயிலை விட்டுப் போகவில்லை. காரணம் பக்தி இல்லை, அசனம், அதாவது கோயிலில் போடும் பொது விருந்து. எங்கள் ஊர் அசனப் பண்டிகையில் அரிசி, ஆட்டுக்கறி ஸ்டாக் கணக்கு என் பொறுப்பு. கணக்கு தெரிந்த ஆள் வேறு யாரும் கிடையாது. கடவுள் இருக்கிறாரோ இல்லையோ, ஊருக்கே சாப்பாடு போட வேண்டுமே!

லெந்து நாளில் (தவக்காலத்தில்) ஒரு முறை சங்கீதம் 88 வாசிக்கும் முறை எனக்கு வந்தது. மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலானவற்றில் கடைசியிலாவது ஒரு ஆறுதல் இருக்கும். இதில் கிடையாது. சிநேகிதரையும் தூர விலக்கிவிட்டீர் என்று குற்றம் சாட்டுவதோடு முடிந்துவிடும். நான் வாசித்து முடித்ததும் சபையார் வழக்கம்போல எழுந்து, “பிதாவுக்கும் குமாரனுக்கும் பரிசுத்த ஆவிக்கும் மகிமை உண்டாவதாக” என்றார்கள். முதலில் கோபம்தான் வந்தது. இப்படி ஒருத்தன் கதறியிருக்கிறான், நீங்கள் பாட்டுக்கு மகிமை என்கிறீர்களே! ஆனால் எத்தனையோ தலைமுறையாக அந்தக் கதறலை வெட்டி எறியாமல், கோயிலுக்குள்ளேயே வைத்து, சத்தமாக வாசித்து, அதற்குப் பக்கத்திலேயே மகிமையையும் சொல்லி வந்திருக்கிறார்கள். என் சந்தேகத்துக்கும் இங்கே இடம் உண்டு என்று அன்று தோன்றியது. விடை ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஜெபிக்கும்போது நடிக்கவில்லை. நம்பிக்கை எந்தத் தேதியில் வந்தது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

தேதி உள்ளவர் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. 1738 மே 24, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில் உள்ளம் அனல்கொண்டது என்று எழுதினார். கன்வென்ஷன் கூட்டங்களில் பிரசங்கிகள் கதையை அங்கேயே முடித்துவிடுவார்கள். 1739 ஜனவரியில் அவரே நாட்குறிப்பில், தான் இப்போதும் கிறிஸ்தவன் இல்லை என்று எழுதியதை யாரும் சொல்வதில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அலுப்பும் இருந்தது, தம்பி. ஆனால் வெறும் அலுப்பாக இருந்தால் ஓய்வு பெற்றபோது அசனக் கணக்கோடு கோயிலையும் விட்டிருப்பேன்.

ஞானஸ்நானத்துக்கு முன்னால் ஐயரைத் தனியாகப் பாருங்கள். மாற்கு 9:24-இல் ஒரு தகப்பன், “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று கதறுகிறான். இயேசு அதற்குமேல் அவனை ஒன்றும் கேட்காமல் பிள்ளையைக் குணமாக்கினார். அந்த அளவுக்கு உங்களால் சொல்ல முடிந்தால் போதும் என்பது என் எண்ணம். அதுவும் முடியாவிட்டால் தள்ளிப்போடுங்கள். வடசேரிக்காரர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

தஞ்சை மரியா:

நான் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்). அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-இல் புத்தகமாக வந்தபோது, “அவரே கடவுளை உணரவில்லையாம்” என்று ஆபீஸில் கேலி செய்தார்கள். பல வருஷம் அவருக்குள் இருட்டுதான் இருந்திருக்கிறது. அதற்காகக் காலையில் எழுந்து வேலைக்குப் போகாமல் இருக்கவில்லை. எனக்கு அது பெரிய உதவி. வாத்தியார் சார், உங்கள் அசனக் கணக்கும் இந்த வகைதான் என்று நினைக்கிறேன்.

ஓய்வு வாத்தியார்:

அம்மா, அந்த வரிசையில் என்னைச் சேர்க்காதீர்கள். நான் கறிக்கணக்கு பார்த்தவன்.

உபதேசியார் பேரன்:

எல்லாருக்கும் நன்றி. ஐயரைச் சனிக்கிழமை பார்க்கிறேன். வெஸ்லி, அன்னை தெரசா எல்லாம் பெரிய ஆட்கள், எனக்கு எட்டவில்லை. துரோப்பீமு வசனத்தை மட்டும் அம்மாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “மிலேத்து எங்கல இருக்கு?” என்று கேட்டார்கள்.

ஓய்வு வாத்தியார்:

துருக்கியின் மேற்குக் கரையில், எபேசுவுக்குத் தெற்கே. பவுல் மூப்பர்களை வரவழைத்து, எல்லாரும் மிகவும் அழுது அவரை வழியனுப்பியதும் அதே ஊரில்தான். அப்போஸ்தலர் 20-ஐயும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.