பித்தக்கல் கரைப்பு: ‘தகுதி’யா, ‘பொருத்த’மா?

அன்புள்ள ஐயா, வணக்கம்.

அறுவையில்லாத பித்தக்கல் சிகிச்சைக்கு உரியவர்களைப் பிரித்தெடுப்பதை ‘தகுதியுள்ள நோயாளித் தேர்வு’ என்ற கலைச்சொல்லால் குறித்திருந்தீர்கள். அதன் மறுபக்கத்தையும் எழுதிப் பாருங்கள்: ‘தகுதியற்ற நோயாளி’. வலியோடு வந்து உட்கார்ந்திருப்பவரின் சீட்டில் அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை.

பொருளும் இடிக்கிறது. இங்கே முதலில் எடைபோடுவது கல்லைத்தான். மாத்திரையாகத் தரும் அர்சோடியாக்சிகோலிக் அமிலம் கொலஸ்டிரால் கல்லைக் கரைக்கும்; பித்த நிறமியாலான கல்லிடமும் சுண்ணம் படிந்த கல்லிடமும் அதன் வேலை பலிக்காது. 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் நம்பிக்கை குறையும். 5-க்குள் பொடியாக, பித்தத்தில் மிதந்துகொண்டிருந்தால் நல்லது. அடுத்து பித்தப்பை. கல் எவ்வளவு தோதாக இருந்தாலும் பித்தப்பைக் குழாய் அடைத்திருந்தால் மருந்தேறிய பித்தம் கல்லைத் தொடவே வழியில்லை. ஆள் மூன்றாவதாகத்தான் வருகிறார். வலி லேசாக, எப்போதாவதுதான் வருகிறதா? ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுவரை தினமும் மாத்திரை விழுங்குவாரா? கரைந்த பிறகும் ஐந்து ஆண்டுக்குள் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கல் திரும்பிவிடும் என்று தெரிந்தே சம்மதிக்கிறாரா? பித்தப்பை அழற்சியில் காய்ச்சலோடு வந்தவரிடம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. கல் இருந்தும் தொந்தரவே இல்லாதவருக்குப் பெரும்பாலும் எந்தச் சிகிச்சையும் தேவைப்படாது. அவரையும் ‘தகுதியற்றவர்’ என்பதா?

என் பரிந்துரை ‘சிகிச்சைப் பொருத்தம்’. பொருந்தும் கல், பொருந்தாத பை என்று எது தடையோ அதைச் சுட்டிச் சொல்லலாம். மாத்திரைக்குப் பொருந்தாத 15 மில்லிமீட்டர் ஒற்றைக் கல் அதிர்வலைக் கல்லுடைப்புக்குப் பொருந்தக்கூடும். தகுதி ஆளோடு ஒட்டிக்கொள்ளும். பொருத்தம் சிகிச்சைக்குச் சிகிச்சை மாறும். செயலைக் குறிக்க ‘பொருந்துநர் தெரிவு’ எனலாம். ‘தேர்வு’ என்றால் பலருக்குப் பரீட்சைதான் நினைவுக்கு வரும். இலங்கையில் நன்கு புழங்கும் ‘தெரிவு’க்கு அந்தக் குழப்பம் இல்லை.

இன்னொரு சொல்: எக்ஸ்ரேயில் புலப்படாத கல்லுக்கு முன்மொழியப்பட்ட ‘நிழலற்ற கல்’ அழகாக இருக்கிறது. ஆனால் அதே கல் அல்ட்ராசவுண்டில் தனக்குப் பின்னால் கரிய நிழலை விழ வைக்கும். அந்த நிழலைப் பார்த்துத்தான் கல் என்றே சொல்கிறோம். இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்துப் படிப்பவர் திணறிவிடுவார். ‘கதிர் ஊடுருவும் கல்’ சற்று நீளம்தான், இருந்தாலும் அதையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.