மறுமொழி: ‘வளர்ச்சிக் குறிப்பான்’ வேண்டாம்; ‘பெருக்கங்காட்டி’ எனலாம்

அன்புடையீர், வணக்கம்.

உயிரணுக்கள் பெருகுவதை ஆய்வில் காட்டித்தரும் பொருளை ஆங்கிலத்தில் proliferation marker என்பார்கள். அதற்குத் தமிழ்ப்பெயராகத் திருச்சி நண்பர் முன்வைத்த ‘உயிரணு வளர்ச்சிக் குறிப்பான்’ என்ற தொடரை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

முதல் தடை ‘வளர்ச்சி’. மதுரைப் பக்கம் மருத்துவர் “வளர்ச்சி தெரிகிறது” என்று சொன்னால் கேட்பவர் கட்டி என்றுதான் எடுத்துக்கொள்வார். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கடை வைத்திருக்கும் என் அண்ணன் மகளுக்கு முழங்கையில் சொரியாசிஸ் என்ற தோல்நோய். அவளுடைய தோல் பரிசோதனை அறிக்கையைத் தமிழில் படித்துச் சொன்னேன். இந்தச் சொல் வந்ததும் தொடுத்துக்கொண்டிருந்த சரத்தை மடியில் போட்டுவிட்டு, “அப்படியென்றால் புற்றா, சித்தப்பா?” என்று கேட்டாள். சொரியாசிஸ் புற்று அன்று, தொற்றுவதும் அன்று. நலமான தோலின் அடியடுக்கில் பிறக்கும் உயிரணு மேலே வந்து உதிர ஏறத்தாழ 4 வாரம் ஆகும். இந்நோயில் அது சில நாட்களிலேயே நடந்துவிடுகிறது. முதிராத அணுக்கள் மேலே வந்து வெள்ளிச் செதில்களாகக் குவிகின்றன. இதைப் ‘பெருக்கம்’ என்பதே பொருந்தும்.

(நோயின் பெயரில் நான் கைவைக்கவில்லை. சித்த மருத்துவர்கள் காளாஞ்சகப்படை என்பார்கள். நோயாளிகள் வாயில் சொரியாசிஸ் என்றே நிலைத்துவிட்டது.)

அடுத்தது ‘குறிப்பான்’. எழுதும் பேனாவுக்கும் அதே பெயர் வழங்குகிறது. ‘சுட்டி’ கணினிக்குப் போய்விட்டது. ‘சுட்டுபொருள்’ என்றாலோ, புற ஊதாக் கதிர்ச் சிகிச்சை பெறும் நோயாளியின் காதில் தோலைச் சுட்டதாக விழும். ‘காரணி’ தவறே ஆகிவிடும். இன்டர்லூக்கின்-23, 17 போன்ற நோயெதிர்ப்பு மண்டலப் புரதங்கள் தூண்டுவதால்தான் தோலணு பெருகுகிறது. நாம் பெயர் தேடும் பொருளோ அந்தப் பெருக்கம் நடப்பதை வெளியே தெரிவிப்பது.

கேஐ-67 என்ற புரதத்தையே பாருங்கள். 1983-இல் ஜெர்மனியின் கீல் நகரில் கண்டறியப்பட்டது. ஊர்ப்பெயரின் (Kiel) முதலிரு ஆங்கில எழுத்துகளே அதன் பெயரில் உள்ளன. பிரியும் சுழற்சியில் உள்ள அணுவின் கருவில் இது இருக்கும், ஓய்விலுள்ள அணுவில் இராது. சாயமேற்றிய தோல் சீவலை நுண்ணோக்கியில் வைத்தால், நலமான தோலில் இப்புரதம் உள்ள கருக்கள் அடிப்பகுதியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழுப்புப் புள்ளிகளாகத் தெரியும். சொரியாசிஸ் தோலில் அவை நெருக்கமாக மேலடுக்குகளுக்கும் ஏறியிருக்கும். சிகிச்சை பலித்தால் புள்ளிகள் குறைந்து மறுபடி அடிப்பகுதிக்கே ஒதுங்கும். வேதியியலில் ‘நிறங்காட்டி’ என்று பள்ளியிலேயே படிக்கிறோமே, அதுவும் ஒரு பொருள்தான், கருவி அன்று. அந்த வழியில் இதைப் ‘பெருக்கங்காட்டி’ என்போம். நோயாளிக்கும் விளக்கம் தேவைப்படாது.

‘ஆர்னிதைன் டிகார்பாக்சிலேஸ் என்ற நொதி பெருக்கத்தில் தானே பங்கெடுக்கிறதே, அதைப் பெருக்கங்காட்டி எனலாமா?’ என்று யாரேனும் கேட்டால் அது நியாயமே. அந்த நொதி பியூட்ரெசின் என்ற சேர்மத்தை ஆக்குகிறது. அதிலிருந்து வரும் பாலிஅமீன்கள் என்ற சேர்மங்கள் அணு பிரியத் தேவை. ஆனாலும் ஆய்வாளர் அதன் அளவைப் பார்ப்பது பெருக்கத்தை மதிப்பிடத்தான். அந்தப் பயன் கருதிப் பெயர் பொருந்தும்.

எனக்கு உண்மையிலேயே முடிச்சாக இருப்பது கெரட்டின்-16 என்ற தோல் புரதம். சொரியாசிஸ் தோலில் அது மிகுதி. காயம் ஆறும் தோலிலும் தோன்றும். ஆனால் அது தென்படுவது பிரிவதை நிறுத்திவிட்ட மேலடுக்கு அணுக்களில். அதையும் பெருக்கங்காட்டிக்குள் அடக்கலாமா, வேறு பெயர் வேண்டுமா? தோல் நோயியல் அறிந்தவர்கள் எழுதுங்கள்.