ஜுப்பிடர்-3 லென்ஸ்: கண்ணுல ஃபோகஸ் வெச்சா காதுல விழுது. அவசரம், உதவுங்க

ரோல்36: வணக்கம். ஜுப்பிடர்-3, 50 எம்எம் எஃப் 1.5 வாங்கினேன். என் பட்ஜெட்டுக்கு இவ்வளவு வெளிச்சம் வாங்குற லென்ஸ் வேற அமையல. முதல் ரோல் கழுவி வந்துடுச்சு. சில படம் அருமை. மத்ததுல கண்ணு மங்கலா இருக்கு, காது மட்டும் கூர்மை. ஞாயித்துக்கிழமை அக்கா பையனுக்குக் காதுகுத்து. அதுக்குள்ள சரி பண்ண முடியுமா?

மதுரைக்காரன்: எந்த கேமரா? எவ்வளவு தூரத்துல எடுத்தீங்க? அபெர்ச்சர் முழுசா திறந்தா, மூடியா? இது தெரியாம ஒண்ணும் சொல்ல முடியாது.

பழைய_கண்ணாடி: அபெர்ச்சரை முழுசா திறந்து வெச்சு, லென்ஸுக்குப் பின்னாடியிருந்து டார்ச் அடிங்க. உள்ளே பனி மூட்டம் மாதிரி தெரிஞ்சா அதுதான் காரணம். பழைய சோவியத் லென்ஸ்ல எண்ணெய் ஆவி படிஞ்சு இப்படி ஆகும்.

மதுரைக்காரன்: அது இருந்தா படம் முழுக்க வெளுத்துப் போகும் அண்ணா. காது மட்டும் கூர்மையா வராது.

ஷட்டர்_சத்தம்: தம்பி, ரேஞ்ச்ஃபைண்டர்ல, அதாவது ரெண்டு பிம்பத்தைச் சேர்த்து ஃபோகஸ் பண்ற கேமராவுல, 1.5 போடறதுக்கு முன்னாடி பேஸ் லெங்த்னா (அந்த ரெண்டு பிம்பத்தையும் எடுக்கற ஜன்னல்களோட இடைவெளி) என்னன்னு படிச்சிருக்கணும். எல்லாரும் லென்ஸை மட்டும் பார்த்து வாங்கறீங்க. இதைப் பல தடவை எழுதிட்டேன்.

ரோல்36: பெஸ்ஸா ஆர். ஃபிலிம்தான், எச்பி5. பசங்க முகம், ஒரு மீட்டர் இருக்கும். முழுசா திறந்துதான். தூரத்துல எடுத்தது எல்லாம் நல்லா இருக்கு.

ஷட்டர்_சத்தம்: நான் சொன்னதுதான். பெஸ்ஸாவுல 37 மி.மீ. பேஸ், 0.68 உருப்பெருக்கம். பெருக்கினா பயன்படற பேஸ் 25. லைக்கா எம்6ல கிட்டத்தட்ட 50 வரும். உங்க கேமராவுக்கு இந்த லென்ஸ் பொருந்தாது, அவ்வளவுதான்.

இருட்டறை: பேஸ் சின்னதா இருந்தா பிழை ஒரு தடவை முன்னாடியும் ஒரு தடவை பின்னாடியும் விழும். இவருக்கு எப்பவும் காதுப் பக்கமே போகுது, அதுவும் கிட்டத்துல மட்டும். இது அளவுப் பிரச்சினை.

ஜுப்பிடர்-3 ஜெர்மனியோட ஸைஸ் சோன்னாரிலிருந்து வந்தது. அது கான்டாக்ஸ் கேமராவுக்குன்னு செஞ்ச லென்ஸ், அதோட குவியத்தூரம் 52.4 மி.மீ.ன்னு கணக்கு. லைக்கா கணக்கு 51.6. பெஸ்ஸாவும் லைக்கா கணக்குதான். தூரத்துல ரெண்டும் ஒத்துப்போகும். ஒரு மீட்டர்ல லென்ஸ் வெளிய வர வேண்டியதைவிட 0.09 மி.மீ. குறைவா வரும். அது படத்துல சுமார் 3 செ.மீ. பின்னாடி விழுது. எஃப் 1.5ல கூர்மை நிக்கறது ரெண்டு பக்கமும் ஒன்றரை செ.மீ.தான். அதான் கண்ணு போய் காது வருது.

உறுதி பண்ண ஃபிலிம் வேண்டாம். பின்கதவைத் திறந்து, ஃபிலிம் ஓடுற தண்டவாளத்து மேல மங்கலான செல்லோ டேப்பை இறுக்கமா ஒட்டுங்க. ஷட்டரை பி-ல (அமுக்கற வரைக்கும் திறந்தே இருக்கற நிலை) திறந்து வைங்க. சாய்ச்சு வெச்ச செய்தித்தாள்ல ஒரு வரியில ஃபோகஸ் பண்ணி, டேப்புல லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வெச்சுப் பாருங்க.

ஷட்டர்_சத்தம்: 52.4 கதையெல்லாம் இணையத்துல உருண்டு உருண்டு பெருசானது. இந்த லென்ஸ் போடற சோவியத் கேமரா சோர்க்கியே லைக்கா நகல்தானே? அதுக்கு எதுக்கு வேற கணக்கு வைப்பான்?

இருட்டறை: கேமரா உடம்பு லைக்கா நகல், லென்ஸ் கணக்கு கான்டாக்ஸ். சோர்க்கியில கூர்மையா வர்ற அதே லென்ஸ் லைக்காவுல பின்னாடி போறதை நானே டேப்புல பார்த்திருக்கேன் சார்.

பழைய_கண்ணாடி: இவ்வளவு பாடு எதுக்கு? எச்பி5ஐ ஐஎஸ்ஓ 1600க்கு புஷ் பண்ணி (அதிக வேகமா எடுத்து, கூடுதல் நேரம் கழுவி) எஃப் 2.8ல எடுங்க. இழக்கற ரெண்டு ஸ்டாப் வெளிச்சம் அதுல கிடைச்சுடும்.

மதுரைக்காரன்: சோன்னாரை 2.8க்கு மூடினா ஃபோகஸ் இன்னும் பின்னாடி நகரும் அண்ணா. கூர்மை நிக்கற ஆழம் கூடறதால பிழை பாதிதான் மறையும். புஷ் பண்ணா நிழல் பக்கம் விவரமும் போயிடும்.

பழைய_கண்ணாடி: நிழல்ல என்ன விவரம் வேணும்? வீட்டு விசேஷத்துக்கு முகம் தெரிஞ்சா போதும்.

மதுரைக்காரன்: மாமா மடியில உக்காந்திருக்கற புள்ளையோட முகமே பாதி நிழல்லதான் இருக்கும். அதுதான் படமே.

ரோல்36: டேப் ஒட்டிப் பார்த்தேன். சரியா பின்னாடிதான் விழுது, மூணு செ.மீ. கிட்ட.

இருட்டறை: நிரந்தரத் தீர்வு, உள்ளே இருக்கற ஷிம் வளையத்தை (லென்ஸ் கட்டு நிக்கற இடத்தை நிர்ணயிக்கற மெல்லிய வளையம்) 0.1 மி.மீ. தடிமனாக்கறது. லென்ஸ் கட்டு முன்னாடி வரும், கிட்டம் சரியாகும். தூரக்காட்சி முழுசா திறந்தா கொஞ்சம் இளகும், எஃப் 4க்கு மூடினா பிடிச்சுக்கும். விசேஷத்துக்கு முன்னாடி கழட்டாதீங்க. ஞாயித்துக்கிழமைக்கு: ரேஞ்ச்ஃபைண்டர் பேட்ச்ல ரெண்டு பிம்பமும் சேர்ந்ததும் ஃபோகஸ் வளையத்தைத் தொடாம, உங்க உடம்பை மூணு செ.மீ. பின்னாடி சாய்ச்சு ஷட்டரை அமுக்குங்க. ஒன்றரை மீட்டருக்கு மேல இன்னும் கொஞ்சம் கூட சாயணும்.

ஷட்டர்_சத்தம்: சாஞ்சு சாஞ்சு எடுக்கறதுக்குப் பதிலா வோய்க்ட்லாண்டர் நோக்டன் லென்ஸ் வாங்கலாம்.

மதுரைக்காரன்: அவர் பட்ஜெட்டை முதல் வரியிலேயே சொல்லிட்டாரு சார்.

ரோல்36: ஃபிலிம் வந்துச்சு. பையன் அழுறது, அக்கா கண்ணு ரெண்டும் கூர்மை. நன்றி இருட்டறை அண்ணா. ஷிம் வேலைக்கு ஆள் தேடறேன்.

இருட்டறை: மகிழ்ச்சி. ஆள் பார்க்கறதுக்கு முன்னாடி சீரியல் நம்பரோட முதல் ரெண்டு இலக்கம் சொல்லுங்க, பெரும்பாலும் அதுதான் தயாரிப்பு வருஷம். முன்னாடி யாராவது கழட்டியிருக்காங்களா, திருகுத் தலையில கீறல் இருக்கான்னும் பாருங்க.