ஓர்காவைப் பற்றிப் பாடம் நடத்தினால் ஓர்கா பிழைக்குமா?

கயல்_தெம்பனிஸ்: இங்கே சிங்கப்பூரில் சமூக மன்றம் ஒன்றில் தொடக்கநிலை 5 பிள்ளைகளுக்குத் தமிழில் ஓர்கா (கொலைத் திமிங்கிலம்) பற்றி 45 நிமிட அமர்வுக்குத் திட்டம். கடைசியில் "பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல் தொடமாட்டோம்" என்று உறுதிமொழியாம். இதனால் ஓர்காவுக்கு ஏதும் ஆகுமா? பேசலாம்.

மாறன்_ஈசூன்: ஒன்றும் ஆகாது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா கரையோரம் திரியும் ஜே, கே, எல் என்ற மூன்று ஓர்காக் கூட்டங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1960, 70களில் காட்சிச்சாலைகளுக்காகப் பிடித்துப்போனார்கள். அது நின்றதும் எண்ணிக்கை ஏறி 1995இல் 98ஐத் தொட்டது. அதற்குப் பிறகு அவற்றை நேசிக்காத ஆளில்லை. எண்ணிக்கையோ 75ஐ ஒட்டி வந்து நிற்கிறது. அவற்றின் முக்கிய இரையான சினூக் சால்மன் மீன் குறைந்தது, கப்பல் இரைச்சல், கொழுப்பில் தங்கும் பிசிபி என்ற தொழிற்சாலை நஞ்சு, இந்த மூன்றும்தான் காரணம். அமெரிக்கா 1979இலேயே பிசிபியைத் தடை செய்தது. இன்னும் தாய்ப்பால் வழியே தலைக்குட்டிக்குப் போகிறது. இதில் உறிஞ்சுகுழல் எங்கே வந்தது?

வாசுகி_ஜூரோங்: உறிஞ்சுகுழலை நானும் தூக்கிவிடுவேன். ஆனால் பிடிப்பு தானாகவா நின்றது? 1976 மார்ச்சில் வாஷிங்டனின் ஒலிம்பியா நகரை ஒட்டிய பட் இன்லெட் கடற்கழியில் விமானமும் வெடியும் கொண்டு ஓர்காக்களை வளைத்ததைப் பொதுமக்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். மாநில அரசு வழக்குப் போட்டது. அந்த மாநிலக் கடலில் பிடிப்பு அதோடு முடிந்தது.

மாறன்_ஈசூன்: அன்று வலையில் சிக்கியவை ஜே, கே, எல் இல்லையே. கடல்நாய் தின்னும் பிக்ஸ் என்ற வேறு ஓர்கா வகை.

வாசுகி_ஜூரோங்: சரிதான், பிள்ளைகளுக்கும் அதைத்தானே சொல்லித்தர வேண்டும்? வாஷிங்டனில் 2025 முதல் ஜே, கே, எல் கூட்டங்களுக்கு எந்தப் படகும் 1,000 கஜத்துக்குள், அதாவது 914 மீட்டருக்குள், போகக்கூடாது. பிக்ஸ் வகைக்கு 200 கஜம் போதும். வேறுபாடு தெரியாத படகுக்காரர் சட்டத்தை எப்படிக் காப்பாற்றுவார்? முதுகுத்துடுப்புக்குப் பின்னால் உள்ள சாம்பல் திட்டைப் பாருங்கள். ஜே, கே, எல் ஓர்காக்கள் பலவற்றில் அதற்குள் கறுப்பு கீறியிருக்கும், துடுப்பின் நுனியும் சற்று உருண்டிருக்கும். பிக்ஸில் திட்டு பெரும்பாலும் நிறைந்தே இருக்கும், நுனி கூர். தூரத்தில், அலையில், எதிர்வெயிலில் இது குழம்பும். அதனால் சந்தேகம் என்றால் 1,000 கஜம் என்றே பழக்க வேண்டும். விதியை மீறுபவர்களில் பெரும்பாலோர் சுற்றுலாப் படகுக்காரர்கள் அல்ல, சொந்தப் படகு வைத்திருப்பவர்கள். ஃப்ரைடே ஹார்பரின் திமிங்கில அருங்காட்சியகம் 1993 முதல் சவுண்ட்வாட்ச் படகை அனுப்பி, அவர்களைப் பக்கத்திலேயே போய்ப் பார்த்து விளக்குகிறது. இதுவும் பொதுக் கல்விதான்.

மாறன்_ஈசூன்: அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது அங்குள்ள படகுக்காரருக்கு. தெம்பனிஸ் பிள்ளையிடம் எந்தப் படகு இருக்கிறது?

கயல்_தெம்பனிஸ்: இதற்கு யாராவது பதில் சொல்லுங்களேன்.

பாலா_கப்பல்: பிள்ளையிடம் படகு இல்லை. அப்பாவோ மாமாவோ கப்பல் நிர்வாக அலுவலகத்தில் இருக்கலாம். நம் ஊரில் அது அரிதா என்ன? வான்கூவர் துறைமுகத்தின் எக்கோ திட்டம் 2017 முதல் ஜே, கே, எல் கூட்டங்கள் திரியும் ஹாரோ நீரிணையில் கப்பல்களைத் தாமாகவே வேகம் குறைக்கச் சொல்கிறது: இப்போது கொள்கலன் கப்பலுக்கு 14.5 நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல்), மொத்தச்சரக்குக் கப்பலுக்கு 11 நாட். வேகம் குறைந்தால் உந்துவிசிறி இரைச்சல் குறையும், மீன் தேடும் ஓர்காவின் கிளிக் ஒலியும் அதில் அமுங்காது. கட்டாயம் கிடையாது. பயண அட்டவணை போடும் அலுவலர் கூடுதல் நேரத்தை முன்கூட்டியே சேர்க்காவிட்டால், நேரம் பிந்துமென்று கேப்டன் வேகத்தைக் குறைக்கவே மாட்டார். காரியம் கெடுவது பெரும்பாலும் அங்கேதான். அந்த அலுவலர்களுக்கு அரை மணி நேர உரை வையுங்கள். பிள்ளைகளுக்கு 45 நிமிடம் வைப்பதைவிட அதில் பலன் அதிகம்.

வாசுகி_ஜூரோங்: பிள்ளைகளை ஏன் விடவேண்டும்? 2015இல் ஜூரோங் தீவருகே செத்து மிதந்த ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு லீ கோங் சியான் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதன் அடியில் நின்று ஓர்கா ஒலிப்பதிவைப் போடுங்கள். மேலே கப்பல் இரைச்சலைப் படிப்படியாக ஏற்றி, கிளிக் எப்போது காதுக்கு எட்டாமல் போகிறதென்று கை உயர்த்தச் சொல்லுங்கள். பிறகு அதே இரைச்சலைக் குறையுங்கள். அவ்வளவுதான் பாடம்.

மாறன்_ஈசூன்: சால்மன் எங்கே? ஓர்காவைக் காட்டிவிட்டு மீனை விட்டால் பாதிக் கதை. வாஷிங்டனில் எல்வா ஆற்றில் 2011–14இல் இரண்டு அணைகளை அகற்றினார்கள். ஆற்று வரைபடத்தில் அணைகளைப் பிள்ளைகளே எடுக்கட்டும், மீன் எவ்வளவு தூரம் ஏறலாம் என்று அளக்கட்டும்.

கயல்_தெம்பனிஸ்: ஒலிக்கு 15 நிமிடம், அணைக்கு 15, திட்டு பார்க்க 10. உறிஞ்சுகுழல் போச்சு. பாலா சொன்ன உரையைப் பெற்றோருக்குத் தனி மாலையில் வைக்கலாமா என்று கேட்கிறேன்.

மாறன்_ஈசூன்: கூட்டம் வராது, பந்தயம்.

பாலா_கப்பல்: பெற்றோர் வரமாட்டார்கள்தான். மதிய உணவு நேரத்தில் அலுவலகத்துக்கே போய் வையுங்கள்.