தினமும் பத்து நிமிஷம் தாமதம்: என்னதான் செய்வது?

புது எச்.எம். எழுதியது:

இந்த ஆண்டுதான் தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தேன். தொடக்கப்பள்ளி, ஐந்து வகுப்பு, 148 பிள்ளைகள். 9 மணிக்கு பெல், 9.05-க்கு கேட்டைச் சாத்திவிடுவோம். அதற்குப் பிறகு சின்னக் கதவு வழியாகத் தினமும் 12 முதல் 15 பேர் வருகிறார்கள். பெயரை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு உள்ளே விடுகிறேன். எனக்கு முன்னால் இருந்தவர் முதல் பீரியட் முடியும்வரை அவர்களை வராந்தாவில் நிற்கவைப்பார். அதை நான் நிறுத்தினேன். அதனால்தான் தாமதம் கூடிவிட்டது என்று ஸ்டாஃப் ரூமில் பேச்சு. பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்தேன், அப்போதும் இதே 12, 15 பேர்தான். சொன்னால் யார் நம்புகிறார்கள்.

வருகையிலும் ஒரு குழப்பம். இரண்டாம் வகுப்பின் போன மாதச் சராசரி 94 சதவீதம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வகுப்பு டீச்சர், "நாலு பேருக்கு ஒவ்வொரு பாடத்தையும் மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கு சார்" என்கிறார். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாகும்?

தாமதத்துக்குச் சிறு அபராதம் போடலாம் என்று பெற்றோர் ஒருவரே யோசனை சொன்னார். முழு வருகைக்குக் கோப்பை கொடுக்கலாம் என்பது என் யோசனை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பென்சில் டப்பா எழுதியது:

சார், அபராதம் மட்டும் வேண்டாம். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 குழந்தைகள் காப்பகங்களில் ஒரு சோதனை நடத்தி, 2000-ல் முடிவை வெளியிட்டார்கள். மாலையில் பிள்ளையைத் தாமதமாக அழைத்துப்போகும் பெற்றோருக்கு 6 காப்பகங்களில் அபராதம். தாமதம் குறையவில்லை, கூடியது! அதுவரை "பாவம், டீச்சர் காத்திருப்பாரே" என்று இருந்த கூச்சம், காசு கட்டியதும் போய்விட்டது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அது மாலைக் கதை, உங்களுடையது காலை. ஆனாலும் மனுஷ மனசு ஒன்றுதானே.

பழைய பதிவேடு எழுதியது:

31 வருஷம் வகுப்பாசிரியை, அதில் கடைசி 9 வருஷம் தலைமையாசிரியை. ஓய்வு பெற்றாச்சு. நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள் தம்பி.

முதலில் உங்கள் 94 சதவீதம். வகுப்பில் 30 பேர், மாதத்தில் 20 நாள், ஆக 600 வருகை. 94 என்றால் 36 ஆப்சென்ட். அந்த 36-ஐ எல்லாரும் பங்குபோட்டுக்கொண்டால் ஆளுக்கு ஒரு நாள் சொச்சம், ஒன்றும் குடிமுழுகாது. ஆனால் அப்படி நடக்கவே நடக்காது. நான்கு பிள்ளைகள் ஆளுக்கு ஆறு நாள் வராமலிருந்தால் அதிலேயே 24 போச்சு. மீதி 26 பேரும் சேர்ந்து எடுத்த லீவு வெறும் 12 நாள். அந்த நால்வரின் வருகை 70 சதவீதம், வகுப்பின் சராசரி மட்டும் 94. உங்கள் டீச்சர் சொல்வதும் சரி, உங்கள் கணக்கும் சரி. சராசரி மேலே அனுப்பும் படிவத்துக்கு ஆகும், பிள்ளையைக் கண்டுபிடிக்க ஆகாது. வேலை நாளில் பத்தில் ஒன்றை இழக்கும் பிள்ளையைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்று பல நாடுகளில் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். 200 நாளுக்கு 20 நாள். இதற்கு ஆண்டுக் கடைசிவரை காத்திருக்க வேண்டாம். முதல் 20 நாளில் 2 நாள் போனாலே பெயரைக் குறித்துவையுங்கள்.

தாமதமும் அப்படித்தான். தினம் 10 நிமிஷம், 200 நாள், 2000 நிமிஷம். 33 மணி நேரத்துக்கு மேல். நாளுக்கு 5 மணி நேரப் பாடம் என்றால் ஆறரை நாள் போய்விட்டது. அதிலும் போவது எப்போதும் அதே முதல் பீரியட். உங்கள் பள்ளியில் முதல் பீரியட் வாசிப்பு என்றால், அந்தப் பிள்ளைக்கு ஏன் எழுத்துக்கூட்ட வரவில்லை என்று வேறெங்கும் தேட வேண்டாம்.

இப்போது அந்த நோட்டு. பெயரும் நேரமும் எழுதுகிறீர்கள், கிழமை எழுதுகிறீர்களா? நான் பல வருஷம் எழுதவில்லை. ஒரு லீவு நாளில் சும்மா உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி, கிழமைக்கு ஒரு கட்டம் என்று போட்டுப் பார்த்தேன். ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, நான் சோம்பேறி என்றே முடிவுகட்டி வைத்திருந்தவள், செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான் தாமதம். விசாரித்தால், அந்த இரண்டு நாளுக்கு முந்தின இரவு அம்மாவுக்கு நைட் ஷிஃப்ட். அம்மா வீடு வந்து சேரவே 8.40 ஆகும். எதிர்வீட்டுப் பிள்ளை இதே பள்ளியில் நான்காம் வகுப்பு. இரண்டு அம்மாக்களையும் உட்காரவைத்துப் பேசினேன், அந்த நாட்களில் இவளும் அவர்களோடு கிளம்பினாள். அவ்வளவுதான், முடிந்தது. ஒரு வருஷமாக நான் அவளைத் திட்டியதை நினைத்தால் இன்றும் வெட்கம். ஆறு வயசுப் பிள்ளை தானாகவா தாமதமாகிறது? அதை எழுப்பி, கிளப்பி, கொண்டுவந்து விடுவது பெரியவர்கள். வராந்தாவில் நிற்பது மட்டும் பிள்ளை.

இன்னொருவன் விஷயம் வேறு. ஞாயிறு இரவானால் வயிற்றுவலி, திங்கள் லீவு, செவ்வாய் சிரித்துக்கொண்டு வருவான். திங்கள் முதல் பீரியட் சத்தம்போட்டு வாசிக்கும் வகுப்பு. வலி பொய்யில்லை, பயந்தால் குழந்தைக்கு நிஜமாகவே வயிறு வலிக்கும். டாக்டரிடமும் காட்டச் சொன்னேன், வாசிப்பை இரண்டு பேர் சேர்ந்து வாசிப்பதாகவும் மாற்றினோம். குறைய ஒன்றரை மாதம் ஆயிற்று.

கோப்பை வேண்டாம். நான் கொடுத்துப் பார்த்தேன். ஒரு பையன் கோப்பைக்காகக் காய்ச்சலோடு வந்து, அடுத்த வாரம் பாதி வகுப்பு படுத்துவிட்டது. வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் நின்ற பிறகும் 48 மணி நேரம் வீட்டில் இருப்பதுதான் நல்லது, அதற்குப் பள்ளி தண்டனை கொடுப்பதுபோல் ஆகக் கூடாது.

முக்கியமானதை மறந்தேனே. தகவல் சொல்லாமல் வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்றே, முதல் பீரியடுக்குள் போன் போக வேண்டும். இது ஒழுங்குக்காக இல்லை. வீட்டில் "பள்ளிக்குப் போய்விட்டான்" என்றும் பள்ளியில் "வீட்டில் இருக்கிறான்" என்றும் நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு காலைப் பொழுது எனக்கு வாய்த்தது. பிள்ளை பத்திரமாகக் கிடைத்தான். அந்த நாற்பது நிமிஷம் எதிரிக்கும் வரக் கூடாது. தாமதமாக வந்தவனை உடனே பதிவேட்டில் ஏற்றுவதும் அதற்காகத்தான். தீ பிடித்து எல்லாரையும் மைதானத்தில் எண்ணும்போது, பதிவேட்டில் இல்லாத பிள்ளையை யார் தேடுவார்?

மூன்று பிள்ளை அம்மா எழுதியது:

அந்த 12 பேர் கூட்டத்தில் நானும் ஒருத்திதான், வேறு ஊர், வேறு பள்ளி. மூத்தவளுக்கு 8.50 பெல், சின்னவனுக்கு 9. இரண்டு பள்ளிக்கும் நடுவில் கால் மணி நேர நடை. கைக்குழந்தை இடுப்பில். இதைப் பள்ளியில் யாரும் கேட்டதே இல்லை. "தங்கள் பிள்ளை 11 முறை தாமதம்" என்று சிவப்பு மையில் ஒரு கடிதம் மட்டும் வந்தது. எனக்குத் தெரியாதா? கேட்டிருந்தால் கேட் திறப்பதற்குப் பத்து நிமிஷம் முன்னாடியே சின்னவனை விட அனுமதி கேட்டிருப்பேன். கடைசியில் அதுதான் நடந்தது, வாட்ச்மேன் அண்ணன் புண்ணியத்தில்.

மணி அடிச்சாச்சு எழுதியது:

எல்லாம் சரி மேடம். எங்கள் பாட்டை யார் கேட்பது? 9.05-க்கு ஒருத்தி, 9.11-க்கு இருவர், 9.20-க்கு ஒருவன். ஒவ்வொரு முறையும் கதவு திறக்கும், 28 தலை திரும்பும். நேரத்துக்கு வந்த பிள்ளை என்ன பாவம் செய்தது? எல்லார் வீட்டிலும் நைட் ஷிஃப்ட் இல்லை. இரவு 11 வரை செல்போன் பார்க்கவிட்டு, காலையில் எழவில்லை என்று கூசாமல் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

பழைய பதிவேடு எழுதியது:

இருக்கிறார்கள் தம்பி, இல்லையென்று சொல்லவில்லை. 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். 7 மணிக்கு எழ வேண்டிய பிள்ளை பத்துக்குள் தூங்கியே ஆக வேண்டும் என்பதை அவர்களிடம் கணக்காகவே போட்டுக் காட்டுங்கள், திட்டினால் காதில் ஏறாது. வகுப்பில் கதவோரமாக ஒரு பெஞ்சும், பலகையில் அப்போது நடக்கும் பாடத்தின் பக்க எண்ணும் இருக்கட்டும். வந்தவன் சத்தமில்லாமல் உட்கார்ந்து புத்தகத்தைத் திறப்பான். "ஏன் லேட்" என்று அங்கே வைத்துக் கேட்காதீர்கள். மீதி ஐந்து நிமிஷத்தை அந்தக் கேள்விதான் தின்னும்.

புது எச்.எம். எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். பழைய பதிவேடு அம்மா சொன்னபடி கட்டம் போட்டுப் பார்த்தேன். மொத்தம் 19 பெயர்கள், அதில் பாதிக்கு மேற்பட்ட தாமதம் 7 பேருடையது. அந்த 7-ல் மூன்று பேர் ஒரே வேனில் வருகிறவர்கள்! வேன்காரர் எங்கள் பள்ளியைக் கடைசி நிறுத்தமாக வைத்திருந்தார். வரிசையை மாற்றச் சொன்னேன், இப்போது 8.55-க்கு இறங்குகிறார்கள். ஸ்டாஃப் ரூமில் இதைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. இரண்டு வீடுகளில் தூக்கக் கணக்கைப் பேசினேன். ஒருவர் கேட்டுக்கொண்டார், மற்றவர் என் பள்ளியின் கடிகாரம் வேகமாக ஓடுகிறது என்றார். போய்ப் பார்த்தேன், இரண்டு நிமிஷம் வேகம்தான். சரிசெய்தாயிற்று.

இரண்டாம் வகுப்பின் அந்த நால்வரில் ஒருத்திக்கு மட்டும் கிழமை எதுவும் பிடிபடவில்லை. வீட்டில் யாரும் போன் எடுப்பதில்லை. திங்கள் மாலை நானும் வகுப்பு டீச்சரும் நேரில் போகிறோம்.