ஸ்டீல்ஹெட்: முள் அடியில் சிக்குது, லீடர் அறுது. எங்கே பிழை?

கரையோரம்:
ஒன்டாரியோ ஏரியின் வடகரையில் விழுகிற சின்ன ஆறுகளில், ஒக்டோபர் கடைசியிலிருந்து ஸ்டீல்ஹெட்டுக்கு (ஏரியிலிருந்து ஆற்றுக்கு ஏறுகிற ரெயின்போ ட்ரவுட் மீன்) மிதவை போட்டுப் பிடிக்கப் பார்க்கிறேன். கையில் இருப்பது பாஸ் மீனுக்கு வாங்கின ஆறரை அடித் தடி, 3000 அளவு ஸ்பின்னிங் ரீல், 20 பவுண்டு பிரெய்ட் (பின்னல் நூல்), 6 பவுண்டு ஃப்ளூரோகார்பன் லீடர் (முள்ளோடு கட்டும் கடைசித் துண்டு நூல்). மூன்று சிக்கல்கள். தூண்டில் முள் எப்போதும் கல்லில் மாட்டுது. மீன் கடித்து இழுத்தவுடன் லீடர் அறுது. சினைப் பொட்டலம் (வலைத்துணியில் கட்டின மீன் முட்டை இரை) ரெண்டு வீச்சிலேயே கழன்று போகுது. சென்டர்பின் ரீல் (அச்சில் தடையில்லாமல் சுழலுகிற ரீல்) இல்லாமல் சரிவராது என்று சிலர் சொல்கிறார்கள். உண்மையா?

மிதவைக்காரன்:
சென்டர்பின் கட்டாயமில்லை. தடிதான் கட்டாயம். சின்ன ஆற்றுக்குப் பத்தரை முதல் பதினொன்றரை அடி, அகலமான ஆற்றுக்குப் பதின்மூன்று அடி. 6 முதல் 10 பவுண்டு நூலுக்கென்று எழுதியிருக்கிற மெல்லிய தடி. நீளம் தூர வீசுவதற்கு அல்ல. தடி நுனிக்கும் மிதவைக்கும் இடையில் நூல் தண்ணீரில் படாமல் தூக்கிப் பிடிக்க வேணும், அதுக்குத்தான். நூல் படுத்தால் நடு ஓட்டம் அதை வில்லாக வளைத்து மிதவையை இழுத்துக்கொண்டு போகும். மேல் தண்ணீரை விட அடித் தண்ணீர் மெதுவாக ஓடுவது. மிதவை மேல் வேகத்தில் போனால் இரையும் அடியில் அந்த வேகத்தில் பறக்கும். மீன் அதைத் திரும்பியும் பார்க்காது.

லீடர் அறுவதற்கும் காரணம் இதே தடிதான். குட்டையான விறைப்புத் தடி, இழுபடாத பிரெய்ட், 6 பவுண்டு லீடர்: அதிர்ச்சியைத் தாங்க இடையில் ஒன்றுமேயில்லை. மீன் கடித்தால் வெட்டி இழுக்காதீங்கோ, தடியைப் பக்கவாட்டில் நீளமாக வாரித் தூக்கினால் போதும். ட்ரேக்கை (மீன் இழுக்கும்போது ரீல் நூலை விடுகிற இறுக்கம்) லீடரின் பலத்தில் கால் முதல் மூன்றில் ஒரு பங்குக்கு வையுங்கோ; 6 பவுண்டு லீடருக்கு ஒன்றரை முதல் 2 பவுண்டு. முடிச்சை எச்சில் தொட்டு ஈரமாக்கி மெதுவாக இறுக்குங்கோ. உலர்வாக இறுக்கினால் ஃப்ளூரோகார்பன் உராய்வுச் சூட்டில் அந்த இடத்திலேயே பலவீனமாகும். கல்லில் மாட்டி எடுத்த ஒவ்வொரு தடவையும் கடைசி ஒரு அடியை விரல் நகத்தில் ஓட்டிப் பாருங்கோ. சொரசொரத்தால் வெட்டி மறுபடி கட்ட வேண்டியதுதான்.

பிரெய்ட் குளிர் வரும்வரை பரவாயில்லை. பூச்சியத்துக்குக் கீழே போனால் அது தண்ணீரை உறிஞ்சி, தடியின் வளையங்களில் பனிக்கட்டியாக அடைக்கும். அப்போது 8 அல்லது 10 பவுண்டு நைலோன் தங்கூஸுக்கு மாறுங்கோ.

ஈயக்குண்டு:
முள் மாட்டுவதற்குக் காரணம் அனேகமாக ஆழமும் ஈயமும். வரிசை இப்படி இருக்கட்டும்: மெயின் நூல், அதில் மேலும் கீழும் சிலிக்கோன் குழாயால் பிடித்த மிதவை, ஈயக்குண்டுகள், 10 அல்லது 12ஆம் எண் சின்ன சுவிவல் (நூல் முறுகாமல் சுழலும் இணைப்பு), 20 முதல் 24 அங்குல லீடர், முள். லீடர் மெயினை விடப் பலம் குறைந்ததாக இருக்க வேணும். அப்போதுதான் மாட்டினால் முள் மட்டும் போகும், மிதவை திரும்பி வரும்.

6 கிராம் மிதவைக்கு மொத்தம் 5 முதல் 5.5 கிராம் ஈயம். மிதவையின் நுனி மட்டும் வெளியே தெரிய வேணும். பாதி உடல் மேலே நின்றால் மீன் மெதுவாகக் கவ்வுவது தெரியவே தெரியாது. தெளிந்த, மெதுவான தண்ணீரில் பெரிய குண்டுகள் மேலேயும், கீழே போகப் போகச் சிறியவையுமாக இடைவெளி விட்டு நூலில் நசுக்கிப் பொருத்தவும். வேகமான ஆழ இடத்தில் எல்லாவற்றையும் சுவிவலுக்குப் பக்கத்தில் கூட்டி வைத்தால்தான் இரை நேரத்துக்கு அடிக்குப் போகும். பலரும் முழு ஈயத்தையும் மிதவைக்குக் கீழேயே ஒட்டி வைத்துவிட்டு, இரை கீழே போகவில்லை என்று ஆழத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள்.

ஆழத்தைக் குறைவாகத் தொடங்கி, அரை அரை அடியாகக் கூட்டவும். மிதவை அடிக்கடி தட்டித் தட்டி நிற்கத் தொடங்கினால் அரை அடி குறைத்து அங்கேயே நிறுத்தவும். இரை அடியிலிருந்து அரை அடி, ஒரு அடி மேலே போவதுதான் சரி. ஸ்டீல்ஹெட் கொஞ்சம் மேலே எழும்பி எடுக்கும், கீழே குனிந்து தேடாது.

மிதவையின் சாய்வையும் கவனிக்கவும். தலை ஆற்றின் கீழ்ப்பக்கம் சாய்ந்தால் இரை அடியில் உரசிப் பின்தங்குகிறது, ஆழம் கூடிவிட்டது. தலை சற்று மேல்பக்கம் சாய்ந்தால் நீங்கள் மெல்லப் பிடித்துவைக்கிறீர்கள், இரை முன்னால் போகிறது, அதுதான் வேணும். ஒன்று மட்டும்: பிடித்து வைத்தால் இரை சற்று மேலே எழும்பும். அதனால் அப்படி ஓட்டும்போது தண்ணீரின் ஆழத்துக்குச் சமமாகவோ கொஞ்சம் கூடவோ வைக்கலாம்.

கரையோரம்:
ஈயம் முழுக்க மிதவைக்குக் கீழேதான் வைத்திருந்தேன். விளங்குது. சினை கழன்று போவதற்கு?

சினைக்காரி:
மூன்று அங்குலச் சதுர வலைத்துணி, நாலைந்து சால்மன் முட்டை, இழுபடும் நூலால் ஆறேழு சுற்று. இறுக்கமாகச் சுற்றி மிஞ்சின துணியை ஒட்ட வெட்டுங்கோ. முள்ளை வலைத்துணி கூடுகிற முடிச்சுப் பக்கத்தால் குத்தி எடுக்க வேணும். நடுவில் குத்தினால் துணி கிழிந்து முட்டை கொட்டும். 8 அல்லது 10ஆம் எண் முள் போதும். போராக்ஸ் தூவிப் பதப்படுத்தின சினை இறுகி நிற்கும், பச்சைச் சினை சீக்கிரம் கரையும். முட்டை வெளிறிப் பால் நிறமானால் வாசனை போய்விட்டது, மாற்றுங்கோ. மீன் எடுக்காமல் விடுவதற்கு நிறத்தை விட இதுதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிந்திருந்தால் சுண்டுவிரல் நகமளவு, வெள்ளை அல்லது பீச் நிறம். கலங்கினால் காசளவு, ஆரஞ்சு அல்லது கடும் இளஞ்சிவப்பு. முட்டை மாதிரியான பிளாஸ்டிக் மணியும் நல்லாய் வேலை செய்யும்: தெளிவுக்கு 8 மி.மீ., கலங்கலுக்கு 10 முதல் 12. முள்ளுக்கு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் மேலே நகராமல் பொருத்துங்கோ. அதற்கு மேல் போனால் முள் வாய்க்கு வெளியே, செவுளிலோ வயிற்றிலோ ஏறும். வாயில் மாட்டாத மீனை ஒன்டாரியோவில் உடனே விடத்தான் வேணும்.

பச்சைத்தண்ணி:
எப்போது போவது என்பதையும் சேர்க்கிறேன், தடியை விட இதில்தான் அதிகம் தங்கியிருக்கு. மழைக்குப் பிறகு ஆறு ஏறும்போது மீன் ஏரியிலிருந்து உள்ளே வரும். ஆனால் பிடிக்க ஏற்ற நேரம் ஆறு இறங்கும்போது, ஒன்றரை இரண்டு அடி வரை தெரிகிற பச்சைச் சாயல் இருக்கும்போது. சின்ன ஓடைகள் ஓரிரு நாளில் தெளியும், பெரிய ஆறுகளுக்குக் கூட நாள் எடுக்கும். தண்ணீர் 8 முதல் 12 பாகை செல்சியஸ் என்றால் மீன் ஓட்டத்திலேயே நிற்கும், இரையைத் தேடி வரும். 4 பாகைக்குக் கீழே ஆழமான மெதுவான மடுவுக்குப் போய்விடும். அங்கே இரை மூக்குக்கு முன்னால் போனால்தான் உண்டு. சின்ன இரை, மெது ஓட்டம், அதே கோட்டில் திரும்பத் திரும்ப.

ஓட்டமும் தேக்கமும் சேரும் கோடு, மடு முடிந்து ஆழம் குறைகிற வால், பெரிய கல்லின் பின்புறம் ஆகியவற்றைத் தேடுங்கோ. முதலில் கரைக்குப் பக்கத்துக் கோடு, பிறகு ஒவ்வொரு அடியாக வெளியே. நேரே நடுவில் வீசுகிறவர், காலடியில் நின்ற மீனைக் கலைத்துவிட்டுத்தான் வீசுகிறார்.

சால்மன் முட்டையிட்ட குழிகள் துப்பரவான வெளிர்ச் சரளையாகத் தெரியும். அதற்குள் கால் வைக்காதீங்கோ, முட்டை வசந்தம் வரை அங்கேதான் கிடக்கும். குழிகளுக்கு ஆற்றின் கீழ்ப்பக்கம் அடித்துக்கொண்டு வரும் முட்டைகளுக்காக ஸ்டீல்ஹெட் நிற்கும், இரையை அங்கே விடுங்கோ. வேடர்ஸுக்கு (தண்ணீரில் இறங்கப் போடும் நீர்புகா உடை) மேல் இடுப்புப் பட்டி கட்டாயம், விழுந்தால் உள்ளே தண்ணீர் நிரம்பாமல் காக்கிறது அதுதான். உறைபனி நேரம் மீனைத் தண்ணீருக்கு வெளியே வைத்துப் படமெடுத்தால் செவுள் உறையும். ரப்பர் வலைக்குள், தண்ணீரிலேயே வைத்துக் கழற்றுங்கோ.

அனுமதிப்பத்திரமும் அவுட்டோர்ஸ் கார்டும் எடுத்த பிறகு, உங்கள் ஆறு எந்த மீன்வள வலயத்தில் வருது, எந்தப் பாலத்துக்குக் கீழே எதுவரை எப்போது திறந்திருக்கு என்று அந்த ஆண்டின் விதிச் சுருக்கத்தில் பாருங்கோ. ஒரே ஆற்றில் பாலத்துக்கு மேலே மூடியும் கீழே திறந்தும் இருக்கும்.

கரையோரம்:
நன்றி. முதலில் தடி, பிறகு ஈயத்தைப் பிரிப்பது. சென்டர்பின் எப்போது யோசிக்கலாம்?

மிதவைக்காரன்:
உங்கள் ஸ்பின்னிங் ரீலில் பெயிலைத் (நூலைப் பிடிக்கும் கம்பி வளையம்) திறந்து, விரலால் நூலைத் தடவி விட்டு மிதவையை நீளத்துக்கு ஓட்டப் பழகின பிறகு. சென்டர்பின்னில் அந்தக் கட்டுப்பாடு இன்னும் சீராக வரும், நீண்ட ஓட்டத்தில் வித்தியாசம் தெரியும். இருபது அடி ஓடுகிற சின்ன மடுவில் தெரியாது.