வாய்க்குள் இருக்கும் தோலுக்கு என்ன பெயர்?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

குடியாத்தம் பக்கம் அடுத்த மாதம் வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் வைக்கிறோம். அதற்கு ஒரு பக்கத் துண்டறிக்கை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். வாய், மூக்கு, குடல் இவற்றின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் ஈரமான திசுவான 'மியூகோசா'வுக்குத் தமிழில் என்ன எழுதுவது? பாடநூல் வழக்கப்படி 'சளிச்சவ்வு' என்று போட்டு, கிளினிக்குக்கு வந்த பீடி சுற்றும் அம்மா ஒருவரிடம் படித்துக் காட்டினேன். "எனக்குச் சளியெல்லாம் இல்லீங்க டாக்டர், வாய்தான் எரியுது" என்றார். சொல் அங்கேயே செத்தது.

'சீதச்சவ்வு' என்றால் நம் ஊரில் சீதபேதிதான் நினைவுக்கு வரும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், எனக்கு உறுத்துவது 'சவ்வு'. சவ்வு என்றால் மெலிசாக, ஒற்றையாக இருக்க வேண்டும். இதுவோ மேலே அடுக்கடுக்காகத் தட்டைச் செல்கள், அடியில் கொலாஜன் என்ற புரத நாரும் ரத்தக்குழாயும் நரம்பும் நிறைந்த திசு. இரண்டும் மேடும் பள்ளமுமாக ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டு நிற்கின்றன. அந்தப் பிடி இருப்பதால்தான் முறுக்கு கடிக்கும்போது மேலடுக்கு பெயர்ந்து வருவதில்லை.

வாய் முழுக்க ஒரே மாதிரியும் இல்லை. நாக்கால் தடவிப் பாருங்கள். கன்னத்தின் உட்புறம் வழவழப்பு, விரலால் இழுத்தால் கூடவே வரும். மேலண்ணத்தின் முன்பகுதி வரிவரியாக இருக்கும், அழுத்தினாலும் நகராது. கன்னத்தில் திசுவுக்கும் தசைக்கும் நடுவே கொழுப்பும் சின்னச் சின்ன உமிழ்நீர்ச் சுரப்பிகளும் கொண்ட தளர்வான அடுக்கு ஒன்று உண்டு. ஈறில் அது கிடையாது, நேரே எலும்போடு ஒட்டு. மெல்லும்போது உராய்வைத் தாங்க ஈறிலும் மேலண்ணத்தின் கெட்டியான முன்பகுதியிலும் நகத்தில் இருப்பது போன்ற கெரட்டின் என்ற கெட்டிப் புரதம் ஏறியிருக்கிறது, கன்னத்தில் ஏறவில்லை. நாக்கின் மேற்பரப்பு இரண்டிலும் சேராத தனி வகை. பரப்பில் ஏறத்தாழ 60 சதவீதம் கன்ன வகை, 25 ஈறு வகை, மிச்சம் நாக்கு. நாக்குக்கு அடியில் இருப்பது மிக மெலிசு. நெஞ்சுவலிக்காரர்களை சார்பிட்ரேட் மாத்திரையை அங்கே வைக்கச் சொல்வது அதனால்தான். மருந்து முதலில் கல்லீரலில் சிக்காமல் ரத்தத்தில் கலந்துவிடும்.

பொதுச் சொல்லாக 'ஈரத்தோல்' என்கிறேன். வகைகளில் கன்னத்துக்கு நெகிழ்தோல், மெல்லும் ஈறு வகைக்கு மெல்தோல், நாக்குக்கு நாத்தோல். அடித்துத் திருத்துங்கள்.

காட்பாடியிலிருந்து

*

டாக்டரம்மாவுக்கு வணக்கம்.

அடிக்கச் சொன்னீர்கள், அடிக்கிறேன். எங்கள் ஆம்பூரில் ஈரத்தோல் என்றால் லாரியில் வந்திறங்கி உப்புத்தண்ணீர் ஒழுகக் கிடக்கும் ஆட்டுத்தோல். அதை வாய்க்குள் வைக்க யாரும் சம்மதிக்கமாட்டார்கள்.

'மெல்தோல்' இன்னும் மோசம். மெல்லுவதும் மெல், மென்மையும் மெல். இருப்பதிலேயே கெட்டியானதற்கு மிருதுவான தோல் என்று பெயர் வைக்கிறீர்கள். சரி, 'அரைதோல்' என்றால் பாதித் தோலாகிவிடும். 'நெகிழ்' என்றதும் நெகிழிப் பை வந்து நிற்கும். செய்யும் வேலையைப் பார்த்தால் ஒன்று விரிகிறது, மற்றது தாங்குகிறது. விரிதோல், தாங்குதோல் போதாதா?

பொதுச் சொல்லுக்கு 'வாய்த்தோல்' போதும். பிரியாணியைச் சூடாக வாயில் போட்டுவிட்டு "அண்ணத்துல தோல் உரிஞ்சிபோச்சு" என்றுதானே எல்லோரும் சொல்கிறோம்? சனங்கள் எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள், நாம்தான் தேடிக்கொண்டிருக்கிறோம். மூக்குக்கும் குடலுக்கும் பொதுவாக 'சீதப்படலம்' இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒரு சந்தேகம். எங்கள் தாத்தா தோல் பதனிடும் டேனரியில் இருந்தவர். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறினால் முடியோடு மேலடுக்கு கழன்றுவிடும், அடியில் ஒட்டிய சதையையும் கொழுப்பையும் கத்தியால் வழித்துவிடுவார்கள், நடுவில் மிஞ்சுவதுதான் லெதர். அந்தக் காலத்தில் அதை ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறவைப்பார்கள், துவர்ப்புதான் தோலைக் கெட்டியாக்கும் என்பார். பாக்கும் துவர்ப்புத்தானே. அது வாய்க்குள் என்ன செய்கிறது?

ஆம்பூரிலிருந்து

*

ஐயா,

நீங்கள் கேட்டதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதையேதான் செய்கிறது. பாக்கின் துவர்ப்புக்குக் காரணமான டானின் கொலாஜன் நார்களைப் பிணைத்து, உடல் அவற்றைக் கரைக்க முடியாதபடி ஆக்கிவிடுகிறது. பாக்கிலுள்ள அரிகோலின் என்ற வேதிப்பொருள் புதிய நாரையும் கூடுதலாக உண்டாக்கத் தூண்டுகிறது. கன்னத்தைத் தொட்டால் உள்ளே கயிறு ஓடுவதுபோல் தட்டுப்படும். மூன்று விரல் நுழைய வேண்டிய வாயில் ஒன்றரை விரல்கூட நுழையாது. இந்த நோய் உள்ளவர்களுக்குப் புற்றுநோய் வரும் ஆபத்தும் கூடுதல். விரிதோல் விரியாமல் போகிற நோய் என்று இனி ஒரே வரியில் சொல்லிவிடலாம். துண்டறிக்கையில் 'பாக்கு வாய்த்தோலைப் பதனிட்டுவிடும்' என்று எழுதிவிட்டேன். உங்கள் தாத்தாவுக்கு நன்றி.

நோய்க்குப் பெயர் 'வாய்த்தோல் இறுக்கம்' என்று வைத்திருக்கிறேன். நல்லது தோன்றினால் சொல்லுங்கள்.

அந்த அம்மாவிடம் இன்று மறுபடி படித்துக் காட்டினேன். படிக்கும்போதே இடது கன்னத்துக்குள் விரலை விட்டுத் தடவிக்கொண்டிருந்தார். "பாக்கு அடக்குற பக்கம் மட்டும் தடிச்சிருக்கு. இதுவும் வாய்த்தோல்தானுங்களா?" முகாம் வரை காத்திருக்க வேண்டாம், நாளைக் காலையே வரச் சொல்லியிருக்கிறேன்.

காட்பாடியிலிருந்து